பொருளாதாரத்தின் கையொப்பம்

நகர எல்லைக்குள் வேலை செய்பவருக்கு மணிக்கு 23 பிராங்குக்குக் குறையாமல் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகர வாக்காளர்கள் 2023 ஜூன் 18ஆம் தேதி முடிவு செய்தார்கள். ஆதரவு 65 வீதத்துக்கும் மேல். அதே ஞாயிற்றுக்கிழமை சூரிச் நகரம் 23.90 பிராங் என்று முடிவெடுத்தது. பதினேழு மாதங்கள் கழித்து, 2024 நவம்பரில், சூரிச் மாநில நிர்வாக நீதிமன்றம் இரண்டு முடிவுகளும் மாநிலச் சட்டத்துக்கு முரணானவை என்று தள்ளியது. வழக்குக்குப் பின்னால் நின்றவை முதலாளிகளின் சங்கங்கள். இரண்டு நகரங்களும் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போயின.

இந்தப் பதினேழு மாதங்களில் எந்தக் கடையும் அந்தச் சம்பளத்தால் மூடப்படவில்லை, எந்தத் தொழிற்சாலையும் பெட்டி கட்டவில்லை. மூடியிருக்கவும் முடியாது. ஏனென்றால் அந்தச் சம்பளம் ஒரு நாள்கூட நடைமுறைக்கு வரவில்லை. அதைத் தடுத்தது விலைவாசியோ உலகச் சந்தையோ பிராங்கின் மதிப்போ அல்ல. ஒரு மனு, ஒரு சட்டப்பிரிவு, ஒரு நீதிபதிகள் அமர்வு.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சமூக ஜனநாயக அரசுகள் பற்றி இன்று எல்லோரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டுவிட்ட கருத்து ஒன்று உண்டு. நல்ல காலத்தில் அவர்கள் பங்கிட்டுக் கொடுப்பார்கள், காலம் கெட்டால் சந்தை சொன்னபடி வெட்டுவார்கள், பொருளாதாரச் சூழல் மாறும்போது அவர்களுக்கு வேறு வழியே கிடையாது என்பது அது. வலதுசாரிப் பத்தி எழுத்தாளர் இதைப் பக்குவம் என்று பாராட்டுகிறார். தீவிர இடதுசாரி துரோகம் என்று திட்டுகிறார். இருவரும் ஒருவரை ஒருவர் பரம எதிரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அடிப்படையில் இருவரும் சொல்வது ஒன்றுதான்: பொருளாதாரம் கட்டளையிட்டது, கட்சி கீழ்ப்படிந்தது.

நம்மவர்களிடமும் இதே பேச்சுத்தான். சுவிஸ் தமிழர் கலியாண மண்டபத்தில் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அரசியல் வந்தால், "ஆர் வந்தாலும் உதுதான் நடக்கும் அண்ணை, காசு இல்லாட்டில் அவங்கள் என்ன செய்யிறது?" என்று யாராவது ஒருவர் முடித்து வைப்பார். கொழும்பைப் பற்றிப் பேசினாலும் பேர்னைப் பற்றிப் பேசினாலும் முடிவுரை அதுவே. கேட்பதற்கு அனுபவசாலியின் சொல் போலிருக்கும். நான் வாழும் இந்த வின்டர்தூர் நகரத்தின் வரலாற்றை எடுத்து வைத்துப் பார்த்தால் அது நிற்காது என்பதே என் வாதம்.

எதிர்த்தரப்பின் பலமான சான்றுகளை முதலில் எடுத்துக்கொள்வோம். பிரான்சில் மித்தெரான் 1981இல் வங்கிகளை அரசுடைமையாக்குவேன் என்று வந்து, ஆக்கியும் காட்டி, 1983 மார்ச்சில் சிக்கனத்துக்குத் திரும்பினார். ஜெர்மனியில் ஷ்ரோடர் 2003 மார்ச் 14ஆம் தேதி நாடாளுமன்றத்தில் தமது 'அஜெண்டா 2010' திட்டத்தை அறிவித்தார். 2005 ஜனவரியிலிருந்து நீண்டகால வேலையில்லாதோரின் உதவிப்பணம் ஏழைகளுக்கான அடிப்படை உதவியின் மட்டத்துக்கு இறக்கப்பட்டது. இரண்டும் நடந்தவை. மறுப்பதற்கில்லை.

ஆனால் எப்படி நடந்தன? மித்தெரானின் முன்னால் அன்று இருந்த கேள்வி, ஐரோப்பிய நாணய ஏற்பாட்டில் பிரெஞ்சு பிராங்கை வைத்திருப்பதா, வெளியே எடுப்பதா என்பது. அவருடைய ஆலோசகர்களே இரண்டாகப் பிரிந்து நின்று வாதாடினார்கள். அவர் உள்ளே இருப்பது என்று தேர்ந்தார். சரியோ பிழையோ, தேர்ந்தார். ஷ்ரோடர் கதை இதைவிடத் தெளிவு. வேலையில்லாதவருக்குக் கொடுக்கக் காசில்லை என்று சொன்ன அதே ஆட்சி, உச்ச வருமான வரியை 53 வீதத்திலிருந்து படிப்படியாக 42 வீதத்துக்கு இறக்கியது. கடைசிப்படி இறங்கியதும் அதே 2005இல்தான். கஜானா காலியான அரசு செய்கிற வேலையா அது? அங்கே நடந்தது இடமாற்றம். சுமை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறியது. அதற்குப் பொருளாதாரத்தின் பெயர் வைக்கப்பட்டது.

இனி வின்டர்தூர். சுல்சர், ரீட்டர், எஸ்.எல்.எம். என்ற ரயில் எஞ்சின் தொழிற்சாலை ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாக்கிய நகரம் இது. சுல்சர் 1834இல் தொடங்கிய வார்ப்படச் சாலை. ரீட்டர் அதற்கும் முந்தியது, நூற்பு இயந்திரக் கம்பெனி. இங்கிருந்தே 1851இல் வோல்கார்ட் சகோதரர்கள் ஒரே நேரத்தில் வின்டர்தூரிலும் பம்பாயிலும் கடை திறந்து, சில ஆண்டுகளில் கொழும்புக்கும் கொச்சிக்கும் போய்ச் சேர்ந்தார்கள். நம் பக்கத்துப் பருத்திக்கும் காப்பிக்கும் இந்த ஊரின் பெரிய வீடுகளுக்கும் தொடர்பு உண்டு என்பதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

1937க்குப் போவோம். அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில் சுவிஸ் பிராங்கின் மதிப்பு ஏறத்தாழ 30 வீதம் குறைக்கப்பட்டிருந்தது. விலைகள் ஏறின, சம்பளம் ஏறவில்லை. சுல்சர் தொழிலாளர் வேலைநிறுத்தம் வரை போகத் தயாரானார்கள். அந்தச் சூழலில் 1937 ஜூலை 19ஆம் தேதி உலோகத் தொழிலாளர் சங்கத்தின் கொன்ராட் இல்க்கும் முதலாளிகள் தரப்பில் எர்ன்ஸ்ட் டியூபியும் 'சமாதான உடன்படிக்கை'யில் கையெழுத்திட்டார்கள். தகராறு வந்தால் பேசித் தீர்ப்பது, தீராவிட்டால் நடுவர், வேலைநிறுத்தமும் கதவடைப்பும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் சமூக ஜனநாயகக் கட்சி தன் வேலைத்திட்டத்திலிருந்து பாட்டாளி வர்க்கச் சர்வாதிகாரத்தை எடுத்துவிட்டு, நாட்டின் பாதுகாப்பை ஏற்றுக்கொண்டிருந்தது.

பாடப்புத்தகம் இதைச் சுவிஸ் ஞானம் என்கிறது. இடதுசாரிச் சிற்றேடுகள் சரணாகதி என்கின்றன. அன்றைய கணக்கைப் பார்த்தால் இரண்டும் இல்லை. அரசாங்கம் சம்பளத் தகராறுகளில் கட்டாய நடுவர் தீர்ப்பைக் கொண்டுவர அதிகாரம் எடுத்துக்கொண்டிருந்தது. அது சங்கத்துக்கும் பிடிக்கவில்லை, முதலாளிகளுக்கும் பிடிக்கவில்லை. வடக்கே ஹிட்லர், தெற்கே முசோலினி, இரண்டு இடத்திலும் சங்கங்கள் கலைக்கப்பட்டிருந்தன. சங்கம் என்ற ஒன்று இருக்க வேண்டும் என்பதற்காக இல்க் ஒரு ஆயுதத்தைக் கீழே வைத்தார். அதற்கு விலை கொடுத்தார்கள், பதிலுக்கு அங்கீகாரம் வாங்கினார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1918 பொதுவேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலில் இருந்த முதியோர் காப்புறுதி 1947 ஜூலை 6ஆம் தேதி வாக்கெடுப்பில் 80 வீத ஆதரவோடு வென்றது. அது பணிந்தவர்கள் பெற்ற பிச்சையா? நான் அப்படி நினைக்கவில்லை.

சமூக ஜனநாயகத்தின் மீது எனக்குக் கோபம் வருகிற இடம் வேறு. அதை 1970களில் வைக்க வேண்டும். எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு தொழில்துறையில் லட்சக்கணக்கான வேலைகள் போயின. ஆனால் சுவிஸின் வேலையின்மை ஒரு வீதத்தைத் தொடவில்லை. உலகமே வியந்தது. ரகசியம் எளிது. வேலை இழந்தவர்களில் பெரும்பங்கினர் இத்தாலியர், ஸ்பானியர். அவர்களுடைய அனுமதி புதுப்பிக்கப்படவில்லை, ரயிலேறிப் போய்விட்டார்கள். போனவர் புள்ளிவிவரத்தில் வரமாட்டார். அன்று கூட்டாட்சி அரசில் ஏழு அமைச்சர்களில் இருவர் சமூக ஜனநாயகவாதிகள். வேலையின்மைக் காப்புறுதி எல்லோருக்கும் கட்டாயம் என்பதை மக்கள் 1976இல்தான் ஏற்றார்கள். அதற்குள் பெரும்பாலானோர் ஊர் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

இதையும் 'எண்ணெய் விலை ஏறியது, என்ன செய்வது' என்று எழுதுவார்கள். எண்ணெய் விலை யாரையும் ரயிலேற்றவில்லை. ஆண்டு அனுமதி, பருவகால அனுமதி என்ற விதிகள் ஏற்றின. அந்த விதிகளை எழுதியவர்கள் இருந்தார்கள், மாற்றாமல் விட்டவர்கள் இருந்தார்கள். பொருளாதாரத்தின் மேல் பழியைப் போட்டால் அந்த அமைச்சர்கள் இருவரும்கூடத் தப்பிவிடுகிறார்கள். துரோகம் என்று கத்துகிற தோழருக்கு இது தெரிய வேண்டும்: 'வேறு வழியில்லை' என்ற கோட்பாட்டை ஏற்றுக்கொண்டு யாரையும் துரோகி என்று சொல்ல முடியாது. வழியே இல்லாதவன் எப்படித் துரோகியாவான்?

1980களில் இலங்கைத் தமிழர் நாம் வந்தோம். சுல்சரின் வார்ப்படக் கூடங்கள் ஆட்குறைப்புச் செய்துகொண்டிருந்த காலம் அது. இத்தாலியர் விட்டுப்போன இயந்திரங்கள் நமக்குக் கிடைக்கவில்லை. உணவகக் குசினி, ஹோட்டல் அறை, வைத்தியசாலைத் துப்புரவு ஆகியவை கிடைத்தன.

ரயில் நிலையத்தை ஒட்டி, நகரத்தின் நெஞ்சிலேயே, வெளியார் நுழைய முடியாததால் 'தடைசெய்யப்பட்ட நகரம்' என்று ஊரார் அழைத்த சுல்சர் வளாகம் காலியானது. 1989இல் கம்பெனி பெரும்பகுதியை இடித்துக் கட்டுவதற்கு ஒரு திட்டம் போட்டது. எதிர்ப்பில் அது விழுந்தது. 1992இல் பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் ஜான் நூவெலின் பிரமாண்டத் திட்டம் போட்டியில் வென்றது. அதற்கு முதலீட்டாளர் கிடைக்கவில்லை. பத்தாண்டு காத்திருந்து அதுவும் கைவிடப்பட்டது. இதற்கிடையில் ஒரு பழைய கொதிகலன் கூடத்தில் பொதுக்கல்லூரியின் கட்டடக்கலைப் பிரிவு தற்காலிகமாகக் குடியேறியது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. சுற்றிலும் பட்டறைகள், சிறு கலைக்கூடங்கள், மதுக்கடைகள் மலிவு வாடகைக்கு வந்தன. லாகர்பிளாட்ஸ் என்ற பகுதியை 2009இல் வாங்கியது ஓர் ஓய்வூதிய நிதியம், இருந்த வாடகைக்காரர்களை வெளியேற்றாமல்.

இதைச் சமூக ஜனநாயகத்தின் சாதனை என்று நான் பட்டியலில் சேர்க்க மாட்டேன். 1990 முதல் 2002 வரை நகரத் தலைவராக இருந்த மார்ட்டின் ஹாஸ் சுதந்திர ஜனநாயகக் கட்சிக்காரர். அதன் பிறகே சமூக ஜனநாயகக் கட்சியின் எர்ன்ஸ்ட் வோல்வென்ட் வந்து 2012 வரை இருந்தார். சொல்ல வருவது வேறு. சந்தை என்ன சொல்கிறதோ அதன்படி நட என்று உபதேசிப்பவர்களின் கதையில், தொழிற்சாலை போனால் சந்தை வந்து காலியிடத்தை நிரப்ப வேண்டும். இங்கே பெரிய திட்டம் இரண்டு முறை போடப்பட்டது, ஒன்று எதிர்ப்பில் விழுந்தது, மற்றதற்குச் சந்தை வரவில்லை. முதலில் வந்து இடத்தை உயிர்ப்பித்தவை மாணவர்கள் நிறைந்த ஒரு கல்லூரியும் மலிவு வாடகையும். அடுக்குமாடி முதலாளிகள் பிறகே வந்தார்கள்.

காசு விஷயத்துக்கு வருவோம், எதிர்த்தரப்பு அதிகம் நம்புவது அதைத்தான். வின்டர்தூர் பணக்கார நகரம் அல்ல. 2008இல் மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியது, கொண்டாடினார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் சாதாரணச் சம்பளக்காரர்கள். தலைக்கு விழும் வரி மாநிலச் சராசரிக்கு வெகு கீழே. அதனால் 2024இல் நகரத்தின் வரி மாநில அடிப்படை வரியில் 125 வீதம், சூரிச் நகரத்தில் 119, ஏரிக்கரைச் செல்வந்த ஊர்களில் 80க்கும் கீழே. நகரத்துச் சமூக உதவிச் செலவோ கனம். இதைக் காட்டி, பாருங்கள், 2018இல் ஏழு பேர் கொண்ட நகர நிர்வாகக் குழுவில் சிவப்புக்கும் பச்சைக்கும், அதாவது சமூக ஜனநாயகவாதிகளுக்கும் பசுமைக் கட்சிக்கும், பெரும்பான்மை கிடைத்தது, அதனால்தான் இப்படி என்பார்கள்.

இந்த ஏழ்மைக்குச் சிவப்பும் பச்சையும் காரணமா? 1870களில் இந்த ஊரின் ஜனநாயகவாதிகள், அன்றைய தனியார் ரயில் பெருமுதலாளிகளுக்கு எதிராக 'நாஷனல்பான்' என்று மக்கள் ரயில் ஒன்றைப் போடப் போய், 1878இல் அது திவாலாகி, அந்தக் கடனை நகரம் 1950கள் வரை கட்டியது. சரி, அது இடது பக்கத்துப் பிழை என்றே வைத்துக்கொள்ளுங்கள், நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் தெஸ், வெல்ட்ஹைம், சேன் முதலிய சுற்றுக் கிராமங்கள் ஏன் 1922 ஜனவரி 1ஆம் தேதி நகரத்தோடு இணைந்தன? தொழிற்சாலை நகரத்துக்கு வரி கட்டியது, தொழிலாளி கிராமத்தில் குடியிருந்தான், அவன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கட்ட வேண்டிய பொறுப்பு வருமானமில்லாத கிராமத்தின் தலையில் விழுந்தது. எல்லைக்கோட்டை அழித்ததும் அந்தப் பள்ளிச் செலவு எல்லோருக்கும் பொதுவாயிற்று. இயந்திரத் தொழில் அன்று வளரவுமில்லை, தேயவுமில்லை. கோடுதான் மாறியது.

இன்று அதே கோடு வின்டர்தூருக்கும் ஏரிக்கரை ஊர்களுக்கும் நடுவே இருக்கிறது. மலிவு வாடகை இருக்கும் இடத்துக்கு ஏழைகள் வருகிறார்கள், அவர்களுடைய செலவை அந்த இடம் சுமக்கிறது. இதை மாற்ற முடியும் என்பதற்கு 2020 செப்டம்பர் 27ஆம் தேதி நடந்த மாநில வாக்கெடுப்பே சாட்சி. முதியோர் காப்புறுதியோ ஊனமுற்றோர் காப்புறுதியோ போதாதவருக்குக் கொடுக்கும் மேலதிக உதவியில் மாநிலம் ஏற்கும் பங்கை 70 வீதமாக உயர்த்த மக்கள் சம்மதித்தார்கள். ஒரே ஞாயிறு, ஒரே கேள்வி. நகரத்தின் சுமை இறங்கியது. அன்றைய பொருளாதாரம்? கொரோனாவின் நடுவில், பல ஆண்டுகளில் மிக மோசம்.

2025 மே 18 இன்னொரு பாடம். கம்பெனிகளின் லாப வரியை மாநிலம் 7 வீதத்திலிருந்து 6 ஆக்க விரும்பியது. பிற மாநிலங்கள் குறைத்துவிட்டன, நாமும் குறைக்காவிட்டால் கம்பெனிகள் வரி குறைந்த சூக் மாநிலத்துக்கு ஓடிவிடும் என்பது வாதம். வின்டர்தூரின் நிதிப் பொறுப்பாளர் சமூக ஜனநாயகக் கட்சியின் காஸ்பர் பொப், நகரங்கள் இதனால் கோடிக்கணக்கில் இழக்கும் என்று எதிர்த்து நின்றார். மக்கள் 'வேண்டாம்' என்றார்கள். போட்டி போட்டு வரி குறைப்பது இயற்கை நியதி என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அன்று மாலையே அடுத்த திட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். இயற்கை நியதியை வாக்குச்சீட்டால் தோற்கடிக்க முடியுமானால் அது நியதியில்லை.

நான் அதிகம் மதிக்கிற உதாரணம் பெரிய வாக்கெடுப்பு எதுவும் இல்லாதது. நகரத்தின் சமூக உதவி அலுவலகத்தில் நடந்தது. அங்கே ஒரு சமூகப் பணியாளருக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கோப்புகள் இருந்தன. அந்த மேசையின் இந்தப் பக்கம் மொழிபெயர்ப்புக்காக உட்கார்ந்தவர்களுக்கு அது எப்படி நடக்கும் என்று தெரியும். கோப்பைத் திறப்பார், வாடகை ரசீது, காப்புறுதிக் கட்டணக் கடிதம், வேலை தேடியதற்கான தாள்கள், எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பார், கையெழுத்து வாங்குவார், அடுத்தவர். முழங்கால் தேய்ந்த ஐம்பத்தைந்து வயதுத் துப்புரவுத் தொழிலாளிக்கு ஊனமுற்றோர் காப்புறுதிக்கு விண்ணப்பிக்க உரிமை உண்டா, அவருடைய மகனுக்குத் தொழிற்பயிற்சி உதவித்தொகை கிடைக்குமா என்று கேட்க அந்தப் பணியாளருக்கு நேரம் கிடையாது. ஆகவே அந்தக் குடும்பம் வருடக்கணக்கில் நகரத்தின் காசில் இருக்கும். பணியாளர் கெட்டவர் அல்லர். கோப்பு அதிகம்.

நகரத்தில் சிக்கனப் பேச்சு உச்சத்தில் இருந்த நேரத்தில், நிக்கொலா கல்லாதே என்ற சமூக ஜனநாயகவாதியின் துறை ஒரு சோதனை செய்தது. ஒரு பகுதிப் பணியாளர்களுக்கு மட்டும் கோப்புகளை 75 அளவுக்குக் குறைத்து, மற்றவர்களைப் பழையபடி விட்டு, என்ன ஆகிறது என்று சூரிச் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகத்தை வைத்து அளந்து பார்த்தார்கள். கோப்பு குறைந்த இடத்தில் ஒரு குடும்பத்துக்கான செலவும் குறைந்தது. உதவியைக் குறைத்ததால் அல்ல. அவர்களுக்குச் சட்டப்படி வேறு இடத்திலிருந்து வரவேண்டிய பணத்தைக் கண்டுபிடிக்கவும், கொஞ்சப் பேருக்கு வேலை தேடிக் கொடுக்கவும், கூடுதல் நேரம் வேலை செய்ய வைக்கவும் நேரம் கிடைத்ததால். பிறகு ஆட்கள் கூட்டப்பட்டார்கள், நகர நாடாளுமன்றமும் ஒப்புக்கொண்டது.

காசில்லாத நகரம் ஆட்களைக் கூட்டிச் செலவைக் குறைத்தது. 'காசு இல்லாட்டில் என்ன செய்யிறது' என்று கேட்கிற அண்ணைக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை. இது பத்திரிகைத் தலைப்பாகாது, புரட்சியும் ஆகாது. ஆனால் மாறும் சூழலுக்கு ஓர் அரசு ஈடுகொடுப்பது என்றால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: எங்கே செலவழித்தால் எது மிச்சமாகும் என்று அளந்து பார்க்கிற, சலிப்பூட்டுகிற வேலை.

எதிர்த்தரப்பு இங்கே என்னை மடக்கலாம். வின்டர்தூரில் சமூக ஜனநாயகவாதிகள் வெட்டவே இல்லையா? வெட்டினார்கள். இவோன் பொய்ட்லர் நிதிப் பொறுப்பில் இருந்தபோது 2013க்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சிக்கனத் திட்டங்கள் வந்தன. நகர ஊழியரின் ஓய்வூதிய நிதியத்தில் விழுந்த ஓட்டையை அடைக்கவும் பணம் தேவைப்பட்டது. அந்த நெருக்கடி நிஜமானது. ஒரு நகரம் நாணயம் அச்சடிக்க முடியாது, மத்திய வங்கியை மிரட்ட முடியாது. 2015 ஜனவரி 15ஆம் தேதி தேசிய வங்கி யூரோவுக்கு 1.20 என்ற தாங்குவிலையைக் கைவிட்டபோதும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 39 வீத இறக்குமதி வரி போட்டபோதும் இங்கே இயந்திரம் செய்து ஏற்றுமதி செய்பவர்கள் தலையில் கை வைத்தார்கள். அதைத் தடுக்க நகரசபையால் ஆகாது. அடி விழுவது உண்மை. அடி விழுந்த பிறகு யார் சோற்றில் கை வைப்பது என்பது மட்டும் எப்போதும் திறந்த கேள்வியாகவே இருந்திருக்கிறது. அதை மூடிய கேள்வி போலக் காட்டுவதையே நான் மறுக்கிறேன்.

இலங்கைக்கும் இதையே சொல்வேன். 2024 செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்க வந்தார், சர்வதேச நாணய நிதியத்தின் திட்டத்தைத் தொடர்ந்தார். பார்த்தீர்களா, மாக்ஸ் படித்தவரே பணிந்துவிட்டார் என்று நம்மவர்களுக்கு ஒரே சந்தோஷம். வங்குரோத்தான நாட்டுக்கு நெருக்கடி நிஜம், ஆண்டுக்கு மொத்த உற்பத்தியில் 2.3 வீத முதன்மை உபரி வேண்டும் என்ற நிபந்தனையும் நிஜம். ஆனால் அந்த 2.3 வீதம் யாரிடமிருந்து? அவர் வருமுன்னரே வற் வரி 2024 ஜனவரி 1ஆம் தேதி 15இலிருந்து 18 ஆனது, ஒரு நாள் பிந்தவில்லை. அதே திட்டத்தில் சொத்து மீதான வரியும் பேசப்பட்டிருந்தது, அது தள்ளிப்போனது. கடையில் சாமான் வாங்குபவரின் வரி தேதி தவறாமல் வருவதும் மாளிகைக்காரரின் வரி தள்ளிப்போவதும் எந்தப் பொருளாதார விதி? அரிசி மானியத்தை வெட்டியதற்கு எதிராக 1953 ஆகஸ்ட் 12ஆம் தேதி ஹர்த்தால் நடந்து, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவியை விட்டுப்போன நாடு அது. இந்தக் கேள்வியைக் கேட்க அந்த நாட்டாருக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மீண்டும் அந்த 23 பிராங். 2014 மே 18ஆம் தேதி நாடு முழுவதற்கும் மணிக்கு 22 பிராங் என்ற யோசனை வந்தபோது 76 வீதம் பேர் நிராகரித்தார்கள். சுவிஸ் மக்களுக்கே பொருளாதாரம் புரிகிறது என்று அன்று கட்டுரைகள் வந்தன. ஒன்பது ஆண்டுகள் கழித்து இந்த நகரம் 23க்குச் சம்மதித்தது. மக்களுக்குப் பொருளாதாரம் மறந்துவிட்டதா? வாடகை ஏறியது. மருத்துவக் காப்புறுதிக் கட்டணம் 2023இல் சராசரியாக 6.6 வீதம் ஏறியது, அடுத்த ஆண்டு 8.7. சூழல் மாறியது, வாக்காளரும் மாறினார்கள், இடதுபக்கமாக. சூழலுக்கேற்ப மாறுவது என்றால் வலதுபக்கம் போவது மட்டுமே என்று யார் சொன்னது?

எனக்குத் தெரிந்த குசினித் தொழிலாளர்களின் சம்பளச் சீட்டை மனதில் வைத்துக் கணக்குப் போடுகிறேன். உணவகத் துறையின் கூட்டு ஒப்பந்தப்படி, தொழிற்பயிற்சி இல்லாதவருக்கு 2024இல் குறைந்தபட்சம் மாதம் 3,666 பிராங். வாரம் 42 மணி வேலை என்றால் மணிக்கு 20 பிராங்கும் சில சதமும். பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் 22ஐ எட்டாது. அதில் முதியோர், ஊனமுற்றோர், வருமான இழப்புக் காப்புறுதிகளுக்கு 5.3 வீதம், வேலையின்மைக் காப்புறுதிக்கு 1.1, ஓய்வூதிய நிதி, 'பி' வதிவிட அனுமதிக்காரர் என்றால் மூலத்திலேயே பிடிக்கும் வரி. மிச்சத்தில் வாடகை, ஆள் ஒருவருக்கு ஒரு காப்புறுதிக் கட்டணம். 23 பிராங் என்பது அதே நேரக் கணக்கில் மாதம் ஏறத்தாழ 4,190. இந்த இடைவெளியை இன்று நிரப்புவது யார்? பல குடும்பங்களுக்கு நகரத்தின் சமூக உதவி அலுவலகம். அதாவது முதலாளி குறைத்துக் கொடுப்பதை வரி கட்டுபவர் கூட்டிக் கொடுக்கிறார். சந்தையை மதிக்கிறோம் என்பவர்கள் இந்த மானியத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை.

வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானதே, பார்க்கத்தான் வேண்டும். ஜெனீவா மாநிலத்தில் 2020 நவம்பரில் 23 பிராங் நடைமுறைக்கு வந்தது. அங்கே செய்யப்பட்ட ஆய்வு பொதுவான வேலையின்மை கூடியதாகக் காணவில்லை, 25 வயதுக்குக் கீழ்ப்பட்டோரிடம் மட்டும் ஓரளவு பாதிப்பைக் கண்டது. வின்டர்தூர் யோசனை பயிற்சியிலுள்ள இளையோரையும், தொழிற்பயிற்சி முடிக்காத 25 வயதுக்குட்பட்டோரையும் விலக்கியே எழுதப்பட்டிருந்தது. ஜெர்மனியில் 2015இல் மணிக்கு 8.50 யூரோ வந்தபோது லட்சக்கணக்கான வேலைகள் போகும் என்றார்கள், போகவில்லை. இந்த ஆதாரங்களையெல்லாம் வைத்து முதலாளிகள் சங்கம் நகரத்தோடு வாதாடியிருக்கலாம். அது வாக்கெடுப்பில் நடந்தது, தோற்றார்கள். பிறகே நீதிமன்றம். அங்கே வேலைவாய்ப்பு பேசப்படவில்லை, அதிகாரம் பேசப்பட்டது: வறுமையை இந்த வழியில் எதிர்க்க ஒரு நகரத்துக்கு உரிமை உண்டா என்று. அந்தக் கேள்விக்கு எந்த நீதிமன்றம் எந்தப் பதிலைச் சொன்னாலும் அது பொருளாதாரத்தின் பதில் ஆகாது. பேர்னில், கூட்டாட்சி நாடாளுமன்றத்தில், வேறொரு முயற்சியும் எழுந்தது. துறைவாரியான கூட்டு ஒப்பந்தச் சம்பளம் மாநிலங்களின் குறைந்தபட்சச் சம்பளத்தைவிடக் கீழே இருந்தாலும் ஒப்பந்தமே செல்லும் என்று சட்டம் செய்யச் சொல்லும் பிரேரணை அது, ஓப்வால்டன் மாநில உறுப்பினர் எரிக் எட்லின் கொண்டுவந்தது. அப்படியானால் குசினிக்காரருக்கு 20 பிராங்தான். இதற்கும் ஒருநாள் 'போட்டித்திறன்' என்று பெயர் வைப்பார்கள்.

அந்தச் சம்பளச் சீட்டுக்காரர் 2023 ஜூனில் வாக்களித்தாரா? பெரும்பாலும் இல்லை. வின்டர்தூரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வெளிநாட்டவர், சூரிச் மாநிலத்தில் அவர்களுக்கு நகர மட்டத்தில்கூட வாக்கில்லை. ஊராட்சிகள் விரும்பினால் வெளிநாட்டவருக்கு வாக்குரிமை கொடுக்கலாம் என்ற யோசனையை 2013 செப்டம்பரில் மாநிலத்து வாக்காளர் நால்வரில் மூவர் மறுத்தார்கள். நீண்டகாலம் வாழ்ந்த வெளிநாட்டவருக்கு மாநில அளவில் வாக்கு கொடுக்கும் மாநிலங்கள் சுவிஸில் இரண்டே இரண்டு: நியூஷாத்தெல், ஜூரா. சட்டக் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வாக்கெடுப்பில் முதலில் சம்மதம் வாங்கிய மாநிலங்களும் அதே இரண்டு, 2011இல் நியூஷாத்தெல், 2013இல் ஜூரா. ஒன்றால் மற்றது விளைந்தது என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் சம்பளத்தை நிர்ணயிப்பது சந்தை மட்டுமே என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டு பட்டியல்களும் ஏன் ஒன்றாக இருக்கின்றன என்பதற்குத் தங்கள் விளக்கத்தைச் சொல்லட்டும்.